ஆர ஆர் செக் பண்ணுறது?

1

இந்தக் கதை ஒரேயொரு பக்கமாகத்தான் தொடங்கியது. அதுவும் நானாக ஆசைப்பட்டு எழுதியதல்ல. என்னிடம் கேட்டு வாங்கியது.

முத்தலிப் என்பவர் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், பொலிஸ் வேலை என்றால் என்னவென்று கிட்டப் போய்ப் பார்ப்பதற்காக, அவருடைய நிறுவனமும் மட்டக்களப்பு வாவிக்கரைப் பொலிஸ் நிலையம் ஒன்றும் சேர்ந்து ஒரு தொண்டர் திட்டம் நடத்தின. பிள்ளைகள் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வாகனங்களை மறிப்பார்கள். முறைப்பாட்டுக்கு வருகிறவர்களை உட்காரவைத்து விசாரிப்பார்கள். திருவிழாக் காலத்தில் கூட்டத்துக்கு வழி காட்டுவார்கள். சம்பளம் இல்லை, அதிகாரமும் இல்லை. பிடித்திருந்தால் பிறகு பொலிஸுக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் வேறு தொழில் பார்க்கலாம்.

திட்டம் முடிந்ததும் ஒரு சிற்றேடு போடுவதாகவும், அதற்கு ஒரு பிள்ளையின் 'வெற்றிக்கதை' வேண்டுமென்றும் முத்தலிப் எனக்குப் போன் எடுத்தார். நான் தமிழ் ஆசிரியை. பத்திரிகைகளில் இடைக்கிடை எழுதுகிறவள். ஒரு பக்கம் காணும், அதுவே போதும் என்றார். பொசிட்டிவ்வாக இருக்கட்டும் என்றார். முடிவு நல்லதாக இருக்கவேண்டும் என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

பரீனாவை நான் தெரிந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் கிடையாது. முத்தலிப் அனுப்பிய படத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் கமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் மட்டும் வேறெங்கோ கூர்மையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நம்பி ஒரு கதை எழுதலாம் என்று நினைத்தேன். (பிறகு கேட்டேன். பகல் சாப்பாட்டுப் பார்சல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'காத்தான்குடிப் பிரதான வீதியின் பேரீச்ச மரங்கள் கடற்காற்றில் அசைந்துகொண்டிருந்த அந்தக் காலைப்பொழுதில், பரீனா என்னும் இளம்பெண்—'

விட்டுவிட்டேன். பரீனாவின் ஊரான காத்தான்குடியைப் பற்றி எழுத வருகிற எல்லாரும் அந்த மரங்களடியில்தான் வந்து இறங்குகிறார்கள்.

'வாவியின் மேல் சூரியன் மெல்ல—'

இதையும் விட்டேன். பரீனாவின் வீட்டிலிருந்து வாவி தெரியாது. கட்டாரிலிருந்து வந்த காசில் எழும்பிய முன்வீட்டின் இரண்டாம் மாடிதான் தெரியும்.

'சிறுவயதிலிருந்தே பொலிஸ் அதிகாரியாக வரவேண்டும் என்பதே பரீனாவின் கனவு.'

இந்த வரியை வெட்டியவள் அவளேதான். எழுதியதை வாசித்துக் காட்டியபோது சிரித்துவிட்டாள். "எனக்குக் கனவெல்லாம் இரிக்கல்ல டீச்சர். ரிசல்ட்ஸ் வாறமட்டும் வீட்ட சும்மா இரிக்க ஏலாம இருந்திச்சி" என்றாள்.

ஆகவே கதை இப்படித் தொடங்குகிறது: பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருக்க முடியாததால் பரீனா பொலிஸ் நிலையத்துக்குப் போனாள்.

அழகான வரியில்லை. ஆனால் அவளும் நானும் ஒத்துக்கொண்ட முதல் வரி.

3

அவளுடைய வாப்பா ஸாஹிர் ஒரு புடவைக்கடையில் துணி வெட்டிக் கொடுக்கிறவர். அதிகம் பேசாத மனிதர். மகள் விஷயத்தைச் சொன்னபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: முக்காட்டைக் கழற்றச் சொல்வார்களா? பரீனா அந்தக் கேள்வியை முதல் நாளே, எல்லாப் பிள்ளைகளும் இருக்க, எழும்பி நின்று கேட்டாள். தொண்டர்கள் தங்கள் வழக்கப்படி உடுத்தலாம் என்று பதில் வந்தது. வேலையில் சேர்ந்தால் எப்படி என்று அடுத்ததையும் கேட்டாள். அதை அப்போது பார்ப்போம் என்றார்கள். இரண்டு பதிலையும் அப்படியே கொண்டுபோய் வாப்பாவிடம் ஒப்புவித்தாள். அவர் போகச் சொன்னார்.

உம்மா றஸீனா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். "போறதெண்டாப் போ. ஆனா அந்த மஞ்சள் சட்டையோட எங்கட றோட்டுல நிண்டு எங்கட ஆக்கள மறிக்காத."*

பொலிஸ் நிலையத்தில் பரீனாவுக்கு ஒரு விஷயம் சீக்கிரம் விளங்கியது. அங்கே வருகிறவர்கள் தமிழில் அழுதார்கள். எழுதுகிறவர்களில் அனேகர் சிங்களத்தில் எழுதினார்கள். தமிழ் தெரிந்த ஓரிருவர் எல்லா மேசையிலும் இருக்க முடியாது. பரீனா சின்ன வயதில் சில வருஷம், கண்டிப் பக்கம் சிங்களம் புழங்குகிற அக்குறணையில், சாச்சி வீட்டில், அதாவது சின்னம்மா வீட்டில், இருந்து படித்தவள். சிங்களம் வரும், இலக்கணம் வராது. ஒரு நாள், முச்சக்கர வண்டி மோதிச் செத்த ஆட்டைப் பற்றி ஒரு பெண் சொல்லிக்கொண்டிருக்க, மேசையிலிருந்த கான்ஸ்டபிள் சந்தமாலி அதைக் களவுபோன ஆடு என்று விளங்கிக்கொண்டு கள்ளனின் அடையாளம் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டுபோன பரீனா இடையில் புகுந்து திருத்தினாள். அன்றிலிருந்து சந்தமாலி எங்கே போனாலும் அவளையும் கூட்டிக்கொண்டு போனார். சந்தமாலி மொனராகலைப் பக்கத்துச் சிங்களப் பெண். இங்கே மாற்றலாகி வந்து கொஞ்சக் காலம்தான். தமிழில் அவருக்கு அப்போது தெரிந்தது 'வாங்க', 'இருங்க', 'சாப்பிட்டாச்சா' மட்டும்.

* உம்மாவின் இந்தப் பேச்சை நான் நகைச்சுவை என்று எடுத்து, வாசகர் சிரிக்கட்டும் என்று வைத்திருந்தேன். அது நகைச்சுவை இல்லை. ஏன் என்பது ஆறாம் பகுதியில் வருகிறது.

4

வாவியோரத்துக் கோயிலொன்றில் திருவிழா வந்தது. [கோயிலின் பெயரை எழுதிவிட்டு அழித்தேன். நடந்ததில் கோயிலுக்குப் பங்கில்லை. நடந்தது கோயிலுக்குப் போகிற றோட்டில்.]

அந்த வருஷமும் பைச் சோதனை இருந்தது. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்கள் பக்கத்தில் தறப்பாள் கட்டிய ஒரு கொட்டிலும் மேசையும். தொண்டர்கள் பையைத் தொடக்கூடாது என்பது விதி. ஆகவே சந்தமாலி கையால் பார்ப்பார். பரீனா வாயால் சொல்வாள். பையைத் திறந்து காட்டுங்கள் அக்கா, மற்ற ஸிப்பையும் திறவுங்கள், சரி போங்கள். இவ்வளவுதான் வேலை.

காலையில் வரிசை நன்றாகவே ஓடியது. பைகளுக்குள் கற்பூரம் இருந்தது, மாற்றுச் சேலை இருந்தது, பால் போத்தலும் விசிறியும் இருந்தன. ஒரு பையிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு கத்தி வந்தது. அன்னதானத்துக்குக் கறி வெட்ட வந்த அக்கா அவர். கத்தியை உள்ளே விட முடியாது என்று சந்தமாலி சொன்னார். அப்போ பூசணிக்காயைப் பல்லாலா கடிப்பது என்று அந்த அக்கா கேட்டார். இரண்டு பேச்சையும் அங்குமிங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பரீனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் சார்ஜன்ட் அருமைத்துரை தானே கத்தியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு அன்னதான மடத்துக்கு நடந்து போனார். வரிசை முழுக்கச் சிரித்தது.

வெயில் ஏறிய பிறகு அந்தப் பெண் வந்தார்.

(அவரை முதல் தரம் எழுதியபோது, கழுத்து நிறைய நகையும் சிடுசிடுத்த முகமுமாக எழுதினேன். பரீனா தடுத்தாள். "அப்பிடி இல்ல டீச்சர், அவ நல்ல வடிவான ஆள். எங்களுக்குச் சமயம் படிப்பிச்ச டீச்சர் மாதிரி இருந்தா" என்றாள். நகைகளைக் கழற்றினேன். முகத்தையும் மாற்றினேன். எழுதுவது கஷ்டமாகிப்போனது.)

கையில் அர்ச்சனைத் தட்டு, தோளில் பை, பின்னால் இரண்டு பெண்பிள்ளைகள். பரீனா சொல்லவேண்டியதைச் சொன்னாள். அந்தப் பெண் அவளுடைய முக்காட்டைப் பார்த்தார். மஞ்சள் மேலங்கியைப் பார்த்தார். திரும்பவும் முக்காட்டைப் பார்த்தார். பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஆர ஆர் செக் பண்ணுறது?" என்றார்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் பின்னால் நின்றவர்களின் பேச்சு அப்படியே நின்றுபோனது. மட்டக்களப்பில் யாருக்கும் அந்த நான்கு சொல்லுக்கு உரை தேவையில்லை. வெளியூர் வாசகருக்காக மட்டும் சொல்கிறேன்: 2019 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. செய்தவர்கள் முஸ்லிம்களில் சிலர். அதற்குப் பதில் சொல்லும்படி இன்றுவரை கேட்கப்படுகிறவர்கள் பலர். அன்றைக்குப் பரீனா பள்ளிக்கூடப் பிள்ளை.

சந்தமாலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வரிசை ஏன் நிற்கிறது, இவர் என்ன சொல்கிறார் என்று சிங்களத்தில் பரீனாவிடமே கேட்டார்.

5

இந்த இடத்தில் நான் கனநாள் நின்றேன்.

தன்மேல் விழுந்த சொல்லைத் தானே தூக்கி இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகச் சொல்லி ஒரு பிள்ளையைக் கேட்டிருக்கிறார்கள். அவள் என்ன செய்வாள்? முதலில் எழுதியதில் அவள் புன்னகை செய்தாள். பைக்குள் சாமிச் சாமான் இருக்கிறதாம், நீங்களே பார்க்கட்டுமாம் என்று சந்தமாலியிடம் மாற்றிச் சொன்னாள். எல்லாம் சுமுகமாக முடிந்தது. முத்தலிப்புக்கு மிகவும் பிடித்திருக்கும்.

பிறகு இன்னொன்று எழுதினேன். அதில் பரீனா தன்னுடைய பையை எடுத்து மேசையில் திறந்துவைத்து, 'முதல்ல நீங்க என்ட பையப் பாருங்க அக்கா' என்கிறாள். அந்தப் பெண்ணின் கண் கலங்குகிறது. எழுதி முடித்து உரத்து வாசித்தேன். எனக்கே தொண்டை அடைத்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது. தன்னைத் தானே சோதனைக்குக் கொடுத்தால்தான் நம்புவோம் என்று ஒரு பிள்ளையிடம் எதிர்பார்க்கிறவள் யார்? அந்தப் பெண்ணா, நானா?

மூன்றாவதில் அவள் அழுதுகொண்டு ஓடினாள். 'கண்ணீர் அவளுடைய கன்னங்களில்—'

மூன்றையும் போனில் பரீனாவுக்கு வாசித்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"இதுல ஒண்டும் நடக்கல்ல டீச்சர்."

"அப்ப என்னதான் சொன்ன நீ?"

"அவ சொன்னத்தான் சொன்னன்."

நடந்தது இதுதான். மாற்றிச் சொல்லலாம் என்ற எண்ணம் அவளுக்கும் வந்தது. அந்த வசனம்கூட நாக்கில் வந்து நின்றது. ஆனால் இதை மாற்றினால், காலையிலிருந்து சொன்னதெல்லாம் என்ன கணக்கு? கத்தி அக்கா சொன்னது, ஆட்டுக்காரப் பெண் சொன்னது? தனக்கு நோகும் இடத்தில் மாற்றுகிறவள் மற்ற இடங்களில் மாற்றமாட்டாள் என்று சந்தமாலி எப்படி நம்புவது? இவ்வளவையும் அவள் அந்தக் கணத்தில் யோசித்தாளா என்று கேட்டேன். இவ்வளவு வடிவாக யோசிக்கவில்லை, ஆனால் இதுதான் என்றாள்.

தன்னுடைய இலக்கணமில்லாத சிங்களத்தில் சொன்னாள்: யாரை யார் சோதிப்பது என்று கேட்கிறா. நான் முஸ்லிம் என்பதால் கேட்கிறா. சொல்லும்போது இரண்டு காதும் சுட்டன.

சந்தமாலி அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு பரீனாவிடம், குரலை உயர்த்தாமல், சொல்லவேண்டியதைச் சொன்னார். பரீனா திரும்பினாள்.

"அக்கா, ஆரா இருந்தாலும் பையத் திறக்காம உள்ளுக்குப் போக ஏலாதாம். நான் இஞ்ச டியூட்டியில நிக்கிறனாம்."

[அந்த 'நிக்கிறனாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தன்னைப் பற்றிய பேச்சைக்கூட மற்றவர் சொன்னதாகவே ஒப்படைக்கிறாள். தமிழில் அந்த ஒரு 'ஆம்' செய்கிற வேலையைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. வகுப்பில் இதைச் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம்.]

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தப் பெண் பரீனாவின் முகத்தைப் பார்க்காமல் பையைச் சந்தமாலியிடம் நீட்டினார். உள்ளே ஒரு குடையும் பூச்சரமும் காசுப் பையும் இருந்தன. எடுத்துக்கொண்டு போனார். பிள்ளைகளும் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் அருமைத்துரை வந்து பரீனாவைத் தனியே கூப்பிட்டார். அவர் இந்தக் கரையில் பிறந்த தமிழர். பென்ஷனுக்குப் போகிற வயது. பிரச்சினை எங்கே முளைக்கும் என்று முன்கூட்டியே பார்த்து அந்த இடத்தை விட்டு ஆட்களை நகர்த்திவிடுவதுதான் அவர் இவ்வளவு காலமும் செய்த பொலிஸ் வேலை. அதில் கெட்டிக்காரர். "மகள், நீ தண்ணிப் பந்தலுக்குப் போ. உன்ட நன்மைக்குத்தான் சொல்லுறன்" என்றார்.

போனாள். பொழுது சாயும்வரை சர்பத் ஊற்றிக் கொடுத்தாள். அழுதாயா என்று கேட்டேன். (கேட்டிருக்கக் கூடாது. எழுத்தாளர்களுக்கு அந்த வியாதி உண்டு.) இல்லை, கோபம்தான் வந்தது என்றாள். யார்மேல் என்றுதான் விளங்கவில்லையாம். பந்தலிலிருந்து பார்த்தால் பெண்கள் வரிசை தெரிந்தது. நான்கு அடி நகரும், நின்றுவிடும். சந்தமாலி கையைக் காட்டிக் காட்டிக் களைத்துப்போனார். ஆண் என்பதால் அருமைத்துரை அந்தக் கொட்டிலுக்குள் போகவும் முடியாது. யாராவது வந்து தன்னைக் கூப்பிடுவார்கள் என்று பரீனா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

யாரும் வரவில்லை.

 கேள்வி கேட்ட அந்தப் பெண் நான்தான் என்று கடைசியில் சொல்லி வாசகரைத் திடுக்கிட வைக்கலாமா என்று ஓர் இரவு யோசித்தேன். நான் இல்லை. அவர் யாரென்று எனக்கும் தெரியாது, பரீனாவுக்கும் தெரியாது.

6

அன்று வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். வாப்பா தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். நாளைக்குப் போகவேண்டாம் என்றார் உம்மா. அடுத்த நாள் தீர்த்தம். ஊரே திரண்டு வருகிற நாள்.

எங்கட ஆக்கள மறிக்காத என்று உம்மா ஏன் சொன்னார் என்பதை இப்போது சொல்லலாம். இதை முன்னுக்கு வைக்கக்கூடாது என்பது பரீனா எனக்குப் போட்ட ஒரே நிபந்தனை. "அத முதல்ல போட்டீங்கண்டா, வாசிக்கிறவங்க என்னப் பாவம் பாத்துட்டுப் போயிருவாங்க. நான் என்ன செஞ்ச எண்டு பாக்க மாட்டாங்க."

குண்டு வெடித்த அந்த வருஷம் ஊருக்குள் வருகிற வழியெல்லாம் சோதனை. உம்மாவும் பரீனாவும் டவுனில் கிளினிக்குக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். எல்லாரையும் இறக்கினார்கள். மேசையில் ஒரு பெண் பொலிஸ் சிங்களத்தில் ஏதோ சொன்னார். உம்மா பையைத் திறந்தார். அவர் அதையே திரும்பச் சொன்னார். உம்மா இன்னும் அகலமாகத் திறந்தார். மூன்றாம் தரம் சொன்னபோது உம்மா பையைத் தலைகீழாகப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மருந்துப் பக்கட்டும் சில்லறையும் தரையில் உருண்டன. அந்தப் பெண் பொலிஸ் கேட்டது கையிலிருந்த போனை ஒருக்கா நிறுத்தி வைக்கச் சொல்லித்தான். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உம்மா குனிந்து பொறுக்கினார்.

அக்குறணையிலிருந்து திரும்பி வந்திருந்த பரீனாவுக்கு அந்தச் சிங்களம் விளங்கியது. முதல் தரமே விளங்கியது. வாய்தான் வரவில்லை.

"அந்தப் பொலிஸ் கெட்டவ இல்ல டீச்சர். அவக்கு உம்மாவ விளங்கல்ல, உம்மாக்கு அவவ விளங்கல்ல. நடுவுல நிக்க ஒராள் இருந்தாக் காணும்."

திருவிழா நாளின் அந்தப் பொழுதில் தாயும் மகளும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பேசாமலே இரண்டு பேருக்கும் அதுதான் மனதில் ஓடியது. கடைசியில் பரீனா சொன்னாள், "நான் போகாட்டி நாளைக்கும் அங்க கையாலதான் கதைப்பாங்க உம்மா."

விடிந்து எழும்பி வந்தபோது உம்மா அடுப்படியில் றொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். கட்டிவைத்திருந்த பார்சல் பெரிதாக இருந்தது. ஏன் இவ்வளவு என்று பரீனா கேட்டாள். அந்தப் பொலிஸ் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் என்றார் உம்மா.

7

பரீனா நேரே தண்ணீர்ப் பந்தலுக்குப் போகவில்லை. மேலங்கியைப் போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையின் கொட்டிலில் போய் நின்றாள். அருமைத்துரை கண்டுவிட்டார். இந்தப் பேச்சை நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதியது.

"மகள், உன்னத் தண்ணிப் பந்தலுக்கெல்லோ போட்டிருக்கு."

"நேத்து நான் பிழையா ஏதும் சொன்னனா சேர்?"

"பிழை எண்டு ஆர் சொன்ன?"

"அப்ப இஞ்சயே நிக்கிறன்."

"திரும்பியும் ஆராவது அப்பிடிச் சொன்னா?"

"சொன்னா மிஸ்ஸுக்குச் சிங்களத்துல சொல்லுவன். அதுக்குத்தானே நிக்கிறன்."

அருமைத்துரை தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். றோட்டைப் பார்த்தார். தூரத்தில் பஸ்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. நேற்றைய பகலில் அந்த வரிசை எப்படி அடைத்துக்கொண்டது என்பது அவருக்கும் தெரியும். பொலிஸ் நிலையப் பெரியவர் கேட்டால் தான் விட்டதாகச் சொல்லவேண்டாம் என்றார். சொல்லிவிட்டு ஆண்கள் பக்கம் போய்விட்டார்.

அவ்வளவுதான் அவரால் முடிந்தது. நான் அவரை இன்னும் கொஞ்சம் நல்லவராக்கிப் பார்த்தேன். தோளில் தட்டிக் கொடுக்கிற மாதிரி ஒரு வரி எழுதினேன். அது அவருடைய கை இல்லை, என்னுடைய கை.

அன்றைக்குச் சனம் அலை மாதிரி வந்தது. தகப்பனில்லாதவர்கள் பிதிர்க்கடன் செய்ய வந்தார்கள். பேரப்பிள்ளைகளோடு வந்தார்கள். ஆரையம்பதியிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் பரீனாவை ஒரு கணம் பார்த்தார்கள். பிறகு பையைத் திறந்தார்கள். நல்லாயிரு பிள்ளை என்று சொன்னவர்களும் உண்டு. சிலர் நேற்றைய கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டார்கள். ஒவ்வொன்றையும் பரீனா அப்படியே சிங்களத்தில் சொன்னாள். சந்தமாலியின் பதிலை அப்படியே தமிழில் சொன்னாள். மத்தியானத்துக்கு முன் ஒரு மூதாட்டி முக்காட்டைக் காட்டி ஏதோ முணுமுணுத்தபோது, பரீனா வாயைத் திறக்குமுன்னே சந்தமாலி தானே தமிழில் சொன்னார்.

"ஆர் எண்டாலும் பை திறக்கோணும், அம்மா. இவ டியூட்டி."

உச்சரிப்பு அவ்வளவு மோசமாக இருந்ததாம். பரீனாவுக்கு இந்த இடத்தில்தான் கண் கலங்கியது. ஆனால் அது சிரிப்பை அடக்கியதால் வந்தது என்று எழுதும்படி கண்டிப்பாகச் சொன்னாள். எழுதியிருக்கிறேன்.

பகல் வரிசை தணிந்த நேரத்தில் இருவரும் தறப்பாள் நிழலில் இருந்து உம்மாவின் றொட்டியைத் தின்றார்கள். அந்த நாள் முழுக்க எந்தப் பையிலும் ஆபத்தான ஒன்றும் அகப்படவில்லை. இப்படி ஒன்றும் அகப்படாமல் போகிற கதையை வைத்துக்கொண்டு எப்படி முடிப்பது என்று ஓர் எழுத்தாளர் தலையைச் சொறியலாம். பொலிஸுக்கு அதுதான் நல்ல நாள்.

8

சிற்றேடு வந்துவிட்டது. வழுவழுப்பான தாள், நல்ல அச்சு. பரீனாவின் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'திருவிழாக் கடமையில் சிறப்பாகச் செயற்பட்டு அனைவரதும் பாராட்டைப் பெற்றார்.' நடுப்பகுதியை முத்தலிப் எடுத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்த வருஷமும் இந்தத் திட்டம் நடக்கவேண்டும், பொலிஸ் நிலையம் கதவைத் திறக்கவேண்டும், கோயில்காரரும் பள்ளிவாசல்காரரும் முகம் சுளிக்கக்கூடாது. அவருக்கு ஆயிரம் வேலை. ஆனால் 'அனைவரதும்' என்ற அந்தச் சொல்லைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதினேன்.

பரீனா பொலிஸுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நான் இதை எழுதும்வரை நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை. கதைக்கு ஒரு முடிவு தேவையாக இருந்ததால் அவளிடம் சிலவற்றைச் சொல்லிப் பார்த்தேன். சீருடையோடு வந்து உம்மாவுக்குச் சலூட் அடிக்கிற முடிவைக் கேட்டு, அது சினிமா என்றாள். உயரம் அளக்கிற இடத்தில் அரை அங்குலம் குறைந்து திரும்பி வருகிற முடிவைக் கேட்டு உண்மையாகவே பயந்தாள்; தான் அவ்வளவு கட்டையில்லை என்றாள். முக்காடா வேலையா என்று கேட்கப்படுகிற முடிவையும் சொன்னேன். அதற்கு மட்டும் சிரிக்கவில்லை. கேட்கிற அன்றைக்குப் பதில் சொல்வதாகவும், அதை எனக்காக முன்கூட்டியே சொல்லப்போவதில்லை என்றும் சொன்னாள்.

"எடுக்காட்டி?" என்று கேட்டேன்.

"திரும்பப் போடுவன். மறுகாவும் எடுக்காட்டி, மறுகாவும்."

இதற்குமேல் நான் என்ன முடிவை எழுதினாலும் அது அவளுக்கு முன்னால் நான் ஓடுவதாக இருக்கும். ஆகவே எழுதவில்லை. மிச்சம் உங்களுடையது.

ஆடியில் ஒரு நாள், ஏதோவொரு கோயிலுக்குப் போகிற றோட்டில், நீங்கள் அந்த வரிசையில் நிற்கிறீர்கள். வெயில் ஏறிவிட்டது. கையில் தட்டு, தோளில் பை. மேசைக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள். மஞ்சள் மேலங்கியோடோ காக்கியோடோ, நீங்களே தீர்மானியுங்கள். பக்கத்தில் தமிழ் தெரியாத ஒருவர் இருக்கிறார். அவள் உங்களைப் பார்த்து, "பையத் திறந்து காட்டுங்க" என்கிறாள்.

இனி நீங்கள் ஏதாவது சொல்லவேண்டும். யோசித்துச் சொல்லுங்கள். அவள் அதை ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல், பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லப் போகிறாள்.